வக்கீலம்மா சொல்லாத நல்ல வார்த்தை

என்னை ஒரு மட்டி என்று கோர்ட்டில் வாதாடி நிரூபித்தவர் அவர். எதிர்க்கட்சி வக்கீல் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்காக ஆஜரானவர்தான். அந்த வாதத்தை மாஜிஸ்திரேட் முழுமையாக ஏற்றுக்கொண்டதால்தான் எனக்கு ஜாமீன் கிடைத்தது. இன்றைக்கும் கோவில்பட்டிக் கடைத்தெருவில் வயதான யாராவது என்னைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தால், இவர் அன்றைக்குக் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தவரோ என்று சந்தேகம் வரும்.

எல்லோரும் அவரை வக்கீலம்மா என்றுதான் சொல்வார்கள். ஊரில் அப்போது வேறு பெண் வக்கீல் கிடையாது. அதனால் பெயர் தேவைப்படவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம், ஒல்லி. நாசரேத் பக்கத்து வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நர்ஸ் வேலை பார்த்த தங்கையோடு தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த சந்தில் குடியிருந்தார். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். மேஜை, நாற்காலி, கட்சிக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்சு. தீக்குச்சி மருந்தின் நெடி அந்த அறையை விட்டுப் போனதே இல்லை. கறுப்புக் கவுன் வெளுத்து, கோடை உழவு முடிந்த கரிசல் காடு மாதிரி சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் பெருமையைச் சொல்லியாக வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நான் பி.ஏ. வரலாறு முடித்திருந்தேன். முடித்திருந்தேன் என்பது என் கணக்கு. பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஆங்கிலத் தாள் ஒன்று பாக்கி இருந்தது. நாகலாபுரத்தில் எங்களுக்குப் பருத்தியும் கம்பும் விளைகிற காடு. எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். அப்பாவை நைனா என்போம். நைனா காட்டுக்குப் போவார். நான் போக மாட்டேன். தாடி வளர்த்து, ஜோல்னாப் பை மாட்டி, புதுக்கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதியதைத் தபாலில் போட கோவில்பட்டி வரைக்கும் பஸ் ஏறி வருவேன். நாகலாபுரத்திலேயே தபாலாபீஸ் உண்டு. அங்கிருந்து அனுப்பினால் கவிதைகள் திரும்பி வந்துவிடுகின்றன என்று எனக்கு ஓர் எண்ணம். கோவில்பட்டியிலிருந்து அனுப்பியவையும் திரும்பித்தான் வந்தன.

அப்படி ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஊர் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். நெற்றி நிறைய விபூதியும் சலவை வேட்டியுமாக ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். கையில் ஒரு ரெக்சின் பை. என் தாடியையும் ஜோல்னாப் பையையும் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி காலேஜ்ல புரபசரா இருக்கீகளோ?"

என்னிடம் யாரும் அதுவரை கேட்டிராத கேள்வி. "இல்லை, எழுத்தாளன்" என்றேன்.

"அதான பாத்தேன். மொகத்துலயே தெரியுதே!"

அந்த நிமிஷத்தில் அவர் என் சட்டையைக் கேட்டிருந்தாலும் கழற்றிக் கொடுத்திருப்பேன். அவர் கேட்டது சின்ன உதவிதான். "இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க தம்பி. அந்தா, அந்தக் கடை வரைக்கும் போயிட்டு வந்துருதேன். ஒங்களமாதிரி ஆளுகள நம்பித்தான் விட்டுட்டுப் போக முடியும்."

அவர் போனார். நாகலாபுரம் பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸும் வந்து போனது. வெயில் பையின் மேல் விழுந்ததும் அதை நிழலுக்கு நகர்த்தினேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார இடம் தேடியபோது பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பச்சிலை மாதிரி ஒரு வாடை வந்தது. சித்த வைத்தியர் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன்; அவர்மேல் மரியாதை கூடியது.

கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர்கள் வந்தார்கள். அவர்கள் மத்தியானமே பஸ் ஸ்டாண்டு வாசலில் சோதனையை ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுத்தான் அந்த மனிதர் கழன்றிருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது.

"இது யார் பை?"

'தெரியாது சார்' என்பது அதற்குச் சரியான பதில். நான் எழுந்து நின்று, தெளிவான எழுத்துத் தமிழில், "இந்தப் பை என் பொறுப்பில் இருக்கிறது" என்றேன்.

உள்ளே செய்தித்தாளில் சுற்றி இரண்டு கிலோவுக்குமேல் கஞ்சா இருந்தது. நான் சொன்ன அந்த வரியை அப்படியே எழுதிக்கொண்டார்கள். திருத்தம் எதுவும் இல்லாமல் ஓரிடத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட என் முதல் வரி அதுதான்.

கஞ்சா, அபின் வழக்குகளுக்குப் புதுச் சட்டம் வந்திருந்த நேரம் அது. முன்பெல்லாம் அபராதத்தோடு போன விஷயத்துக்கு இனி வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும் என்று வக்கீல்களே மிரண்டு போயிருந்தார்கள். கைதானவருக்கு ஜாமீன் கொடுப்பதா வேண்டாமா என்பதில் ஒவ்வொரு கோர்ட்டிலும் ஒரு பேச்சாக இருந்தது. என்னை ரிமாண்டு செய்து கிளைச் சிறையில் அடைத்தார்கள். அங்கே எனக்கு முன்பே இருந்த ஒரு கஞ்சாக்காரர் என் கதையைக் கேட்டுவிட்டு, "அம்புட்டுச் சரக்க மடியில வச்சிக்கிட்டு ஒரு இழுப்புக்கூட இழுக்கலியா?" என்று கேட்டார். அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

வரப்புத் தகராறு ஒன்றில் எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு வக்கீலம்மா வாதாடியிருந்தார். அந்தப் பழக்கத்தில் நைனா அவரை அழைத்து வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றதும் நான் பேச ஆரம்பித்தேன். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். என் கல்வி, என் கவிதை, என் சமுதாயச் சிந்தனை, எங்கள் குடும்பத்தின் கண்ணியம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும் மாட்டிக்கொண்டார். பிற்பாடு தெரிந்துகொண்டேன்: யாராவது தன்னைப் பற்றியே பேச ஆரம்பித்தால் அவர் கண்ணாடி துடைப்பார்.

"முடிஞ்சுதா?" என்றார். "பைக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தியா?"

"இல்லை மேடம்."

"ஏன் பாக்கல?"

"அடுத்தவர் பையைத் திறப்பது நாகரிகம் இல்லை."

அவர் நைனா பக்கம் திரும்பினார். "இவன் எப்பவுமே இப்பிடித்தானா?"

நைனா தயங்கவே இல்லை. "பொறந்ததுலருந்தே இப்பிடித்தாம்மா."

"அப்ப பயம் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். என் நல்ல குணங்களில் ஒன்றைக்கூட அவர் குறித்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்று கோர்ட்டில் கூட்டம். ஊரிலிருந்து நைனாவோடு மாமா, சித்தப்பா, இன்னும் வேலையில்லாத நாலு பேர் வந்திருந்தார்கள். அரசு வக்கீல் எழுந்தார். கடுமையான ஆட்சேபம் தெரிவித்தார். சட்டம் புதிது, குற்றம் பெரிது என்றார். பிறகு என்னைக் காட்டி, "இவர் சாதாரண ஆள் அல்ல. பட்டதாரி, விவரம் தெரிந்தவர், எழுத்தாளர். இளைஞர்கள் மத்தியில் செல்வாக்கு உள்ளவர். வெளியே விட்டால் சாட்சிகளைக் கலைக்கக்கூடிய திறமை இவருக்கு உண்டு" என்றார்.

கூண்டில் நின்றிருந்த நான் என்னை அறியாமல் நெஞ்சை நிமிர்த்தினேன். என்னைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரு மனிதரைக் கடைசியில் பார்த்துவிட்டேன் என்றே தோன்றியது.

வக்கீலம்மா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"பட்டதாரி என்கிறார் நண்பர். மூன்று தடவை எழுதியும் ஆங்கிலத் தாளில் தேறாதவர். எழுத்தாளர் என்கிறார். இவர் எழுதிய ஒரு வரிகூட இதுவரை எங்கேயும் அச்சில் வந்ததில்லை. செல்வாக்கு என்கிறார். இவர் வா என்றால் இவர் வீட்டு நாய்கூட வராது. வேண்டுமானால் இவருடைய தகப்பனாரைக் கேட்கலாம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எங்கள் சித்தப்பாவின் சிரிப்பு.

"தப்பி ஓடுவாரா என்று பார்க்க வேண்டும். சாத்தூரைத் தாண்டினால் இவருக்குப் பஸ்ஸில் வாந்தி வரும். சாட்சியைக் கலைப்பாரா என்று பார்க்க வேண்டும். கலைக்கிற அளவுக்கு விவரம் இருந்தால் போலீஸ்காரர் கேட்டபோது பை என்னுடையது இல்லை என்று சொல்லியிருப்பார். திரும்பவும் இதே குற்றத்தைச் செய்வாரா என்றால், அதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்னொருவர் வந்து புரபசரா என்று கேட்டால் மறுபடியும் பையை வாங்கி வைத்துக்கொள்வார். அதனால் பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாக அனுப்ப மாட்டோம் என்று குடும்பத்தார் உறுதி சொல்கிறார்கள்."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, இவ்வளவு நேரம் மடியில் வைத்திருந்தாயே, அவர் ஏன் இன்னும் வரவில்லை என்று தோன்றவே இல்லையா?"

"அவர் என்னை நம்பி விட்டுப் போயிருந்தார் ஐயா" என்றேன்.

அரசு வக்கீலே தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

இரண்டு பேர் ஜாமீன், தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்து என்று உத்தரவானது. ஜாமீன் நிற்க மாமா கூண்டேறினார். "இவர் தலைமறைவானால் நீங்கள்தான் பொறுப்பு, தெரியுமா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். மாமா, "இவன் எங்கய்யா போவான்? பசிச்சா வீட்டுக்கு வந்துருவான்" என்றார்.

அன்று சாயங்காலமே நாகலாபுரம் முழுக்க வக்கீலம்மாவின் வாதம் வார்த்தை பிசகாமல் பரவிவிட்டது. கஞ்சா வழக்கில் உள்ளே போய்வந்தவன் என்றால் ஊரில் ஒரு பயமாவது இருந்திருக்கும். எனக்கு அதுவும் இல்லாமல் போனது. சின்னப் பையன்கள் எங்கள் வீட்டு நாயை "வா" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் கையெழுத்துப் போட வந்தவன் நேராக அவர் ஆபீஸுக்குப் போனேன். "எனக்காக இரண்டு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம் மேடம்" என்றேன்.

"நல்ல வார்த்தைக்கு யாருலே ஜாமீன் குடுக்கா? நல்லவன்னு சொன்னா நான் நிரூபிக்கணும். மட்டின்னு சொன்னா அவுகளுக்கே பாத்தாத் தெரியும்."

 என்னோடு வந்திருந்த நைனாவிடம் அவர், "தெனமும் நாகலாபுரத்துலருந்து வந்து போனா இவனுக்கு அலைஞ்சே ஒடம்பு போயிரும். டைப் அடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"லோயர் பாஸ் பண்ணியிருக்காம்மா."

"பரவால்லையே. ஒண்ணு பாஸ் பண்ணியிருக்கானே" என்றார்.

அப்படித்தான் நான் அவருக்கு டைப்பிஸ்ட் ஆனேன். கோவில்பட்டியில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். காலையில் கையெழுத்து, பிறகு ஆபீஸ். என் வழக்கு இழுத்து இழுத்து, அந்த விபூதிக்காரர் வேறு ஊரில் இதே மாதிரி இன்னொரு பையோடு பிடிபட்டபிறகு தள்ளுபடியானது. கையெழுத்து நின்றது. டைப் அடிப்பது நிற்கவில்லை.

அவரிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் என்னைப்போல கஞ்சாவில் மாட்டியவர்கள். சிலர் அதைப் புகைப்பவர்கள். சிலர் சிறு பொட்டலம் விற்றவர்கள். சிலர் எவனோ கொடுத்ததைச் சுமந்தவர்கள். அவர்களின் வீட்டாரைப் பெஞ்சில் உட்காரவைத்து அவர் கேட்கிற முதல் கேள்வி, "ஒங்க ஆளுக்கு என்னென்ன தெரியாது, சொல்லுங்க" என்பதுதான்.

வருகிறவர்கள் திகைப்பார்கள். "எங்க வீட்டுக்காரரு நல்லா வேல பாப்பாருங்கம்மா" என்று ஆரம்பிப்பார்கள். உடனே கண்ணாடி கீழே இறங்கிவிடும். பிறகு மெதுவாக வழிக்கு வருவார்கள். படிக்கத் தெரியாது. நல்லது. சைக்கிள் விடத் தெரியாது. ரொம்ப நல்லது. மெட்ராஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. அவர் முகம் மலர்ந்துவிடும். "ஏலே, அத முதல்ல அடி" என்பார் என்னிடம்.

நான் அடித்துக் கொடுக்கிற மனுக்களில் என் இலக்கியம் கொஞ்சம் கலந்துவிடும். 'வறுமையின் கொடுங்கரங்களில் சிக்கிய மனுதாரர்' என்று ஒருமுறை அடித்திருந்தேன். சிவப்பு மையால் கொடுங்கரங்களை வெட்டிவிட்டு, "கை எத்தன இருந்தா என்ன, ஏழைன்னு போடு" என்றார்.

எப்போதும்வென்றான் என்கிற ஊரிலிருந்து ஒரு டீக்கடைக்காரர் வழக்கு வந்தது. கடையில் சீனிச் சாக்குக்கு அடியில் பொட்டலங்கள் இருந்தன. கிளைச் சிறைக்கு வக்கீலம்மாவோடு நானும் போயிருந்தேன். மனிதர் மீசையை முறுக்கிக்கொண்டு, "நான் ஊர்ல பெரிய மனுசன். அடுத்த தடவ பிரசிடெண்டுக்கு நிக்கப்போறேன். அத நீங்க கோர்ட்டுல நல்லா எடுத்துச் சொல்லணும்" என்றார்.

"பெரிய மனுசனுக்கு நான் ஆஜராகுறதில்ல அண்ணாச்சி. வேற ஆளப் பாருங்க" என்றார் வக்கீலம்மா.

வேறு ஆளைப் பார்த்தார்கள். அந்த வக்கீல் டீக்கடைக்காரரின் செல்வாக்கை அரை மணிநேரம் வர்ணித்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட மாஜிஸ்திரேட், "இவ்வளவு செல்வாக்கு உள்ளவருக்கு எதிராக அந்த ஊரில் எவன் சாட்சி சொல்ல வருவான்?" என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார். அடுத்த வாரம் அவருடைய தம்பி எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணன் சொல்லச் சொன்னாருங்கம்மா. அவர என்ன வேணும்னாலும் சொல்லிக்கிடுங்களாம்."

இந்த வாய் கோர்ட்டுக்கு மட்டும் என்று இல்லை. எனக்குப் பெண் கொடுக்க விளாத்திகுளத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். நான் வெளியே ஜன்னலோரம் நின்று ஒட்டுக்கேட்டேன். "பையன் எப்பிடிங்கம்மா?" என்று அவர் கேட்டார்.

"மட்டி. யாராச்சும் ஒசத்திப் பேசிட்டா அம்புட்டுத்தான், பல்ல இளிச்சிட்டுப் போயிருவான். டைப்புல தப்பு வரும்."

"பழக்கவழக்கம்?"

"கெட்டுப்போவதுக்கும் கொஞ்சம் சாமர்த்தியம் வேணும்லா? இவனுக்கு ஏது?"

ஜன்னலோரம் நின்ற எனக்கு உலகம் இருண்டுவிட்டது. ஆனால் அந்த மனிதர் அடுத்த முகூர்த்தத்திலேயே பெண்ணைக் கொடுத்தார். என் மனைவி இன்றுவரை அந்தச் சான்றிதழில் ஒரு வரிகூடத் தவறில்லை என்கிறாள்.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். பெரிய அளவில் சரக்கு பிடிபட்டால் வழக்கு ஜில்லா தலைநகரத்துப் பெரிய கோர்ட்டுக்குப் போய்விடும். பிடிபட்டவன் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால்தான் ஜாமீன். இதை வக்கீலம்மா படித்துக் காட்டியபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சந்திலேயே ஒரு வழக்கு வந்தது. அந்தத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற ஒரு பெண். அவள் கணவன் பருத்தி ஜின்னிங் மில்லில் மூட்டை தூக்குகிறவன். ஒரு லாரிக்காரன் ஒரு சாக்கைக் காட்டி, கடைத்தெரு வரைக்கும் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறான். இவன் தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறான். பாதி வழியில் போலீஸ் மறித்தது. லாரிக்காரன் போன திசை தெரியவில்லை. சாக்கு நிறையக் கஞ்சா. பாளையங்கோட்டை ஜெயிலில் அடைத்துவிட்டார்கள்.

அந்தப் பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். வக்கீலம்மா வழக்கம்போல ஆரம்பித்தார். "ஏட்டி, ஒம் புருசனுக்கு என்னென்ன தெரியாது?"

அவளுக்கு வக்கீலம்மாவைத் தெரியும். ஒரே சந்துதானே. கண்ணைத் துடைத்துக்கொண்டு மளமளவென்று சொன்னாள். கணக்குத் தெரியாது. எதிர்த்துப் பேசத் தெரியாது. யார் என்ன சொன்னாலும் தூக்குவார். என்ன மூட்டை என்று கேட்கிற வழக்கமே கிடையாது.

"சரியான மரமண்டையக் கட்டியிருக்க" என்றார் வக்கீலம்மா.

"ஆமாம்மா" என்று அந்தப் பெண் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள். தைரியமாகத்தான் போனாள்.

பெரிய கோர்ட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் பிள்ளையும் பஸ்ஸில் போனோம். ஜட்ஜ் வயதானவர், நல்ல மனிதர். வக்கீலம்மா இருபது நிமிஷம் பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த மூட்டைக்காரனை அவர் ஒன்றுமில்லாமல் ஆக்கினார். ஓடத் தெரியாதவன், பேசத் தெரியாதவன், கேட்கத் தெரியாதவன். எங்கள் பழைய மாஜிஸ்திரேட்டாக இருந்தால் பாதியிலேயே கையெழுத்துப் போட்டிருப்பார்.

ஜட்ஜ் முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அம்மா, நீங்கள் சொல்வதெல்லாம் சரியாக இருக்கலாம். இவர் அப்பாவியாகவும் இருக்கலாம். ஆனால் புதுப் பிரிவு அதைக் கேட்கவில்லை. சாக்கு இவர் தோளில் இருந்தது. இவர் குற்றம் செய்யவில்லை என்று இப்போதே நான் நம்புவதற்கு என்ன ஆதாரம் தருகிறீர்கள்?"

வக்கீலம்மா கேஸ் கட்டைத் திறந்தார். மூடினார். அவரிடம் இருந்தது அந்த மனிதன் மட்டும்தான். மேஜையின்மேல் எடுத்து வைக்க வேறு எதுவும் இல்லை. நான் அடித்துக் கொண்டுபோயிருந்த மனுவில் ஆதாரம் என்று சொல்ல ஒரு எழுத்துக்கூட இல்லை. 'தயவுசெய்து' என்ற சொல்லில் ஒரு எழுத்துப்பிழைதான் இருந்தது.

மனு தள்ளுபடியானது.

வெளியே மரத்தடியில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். வக்கீலம்மா அவள் தோளில் கை வைத்தார்.

"ஒம் புருசன் நல்ல மனுசன்ட்டி" என்றார். "பொறுமசாலி. தைரியமா இருந்துருவாரு."

யாரைப் பற்றியும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவன் இவன் என்றுதான் பேசுவார். இப்போது 'இருந்துருவாரு' என்கிறார்.   

திரும்பி வரும்போது வக்கீலம்மா முன்சீட்டில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் பின்னால் என்னிடம் குனிந்து கேட்டாள்.

"அண்ணாச்சி, அம்மா அவுகள நல்லவருன்னு சொல்லுதாகளே. எனக்குப் பயமா இருக்கு."

  பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷத்துக்குமேல் அவன் உள்ளே இருந்தான். வக்கீலம்மா மாதம் தவறாமல் பாளையங்கோட்டைக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்வார். நல்லா இருக்காரு. நல்லபடியா நடந்துக்கிடுதாருன்னு வார்டர் சொன்னாரு. பிள்ளையக் கேட்டாரு. ஒவ்வொரு நல்ல வார்த்தைக்கும் அவள் இன்னும் கொஞ்சம் மெலிந்துபோனாள். ஆபீஸில் அவர் என்னைத் திட்டுவதும் குறைந்துவிட்டது. ஒருநாள் நான் தப்புத் தப்பாக அடித்த தாளை ஒன்றும் சொல்லாமல் வாங்கி, தானே திருத்திக்கொண்டார். வீட்டுக்குப் போய் மனைவியிடம், எனக்கு ஏதும் பெரிய வியாதி வந்திருக்கிறதோ, இவருக்குத் தெரிந்திருக்கிறதோ என்று கேட்டேன்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. லாரிக்காரன் சாக்கை இறக்கிக் கொடுத்ததையும், இவன் ஒன்றும் கேட்காமல் தூக்கிக்கொண்டு போனதையும் பார்த்த கடைக்காரர் ஒருவரை வக்கீலம்மா தேடிப் பிடித்திருந்தார். அந்த மனிதர் கோர்ட்டுக்கு வரப் பயந்தார். வக்கீலம்மா அவர் கடை வாசலில் போய்ப் போய் நின்று, கடைசியில் வந்து சொல்லவைத்தார். கடைக்காரர் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். சாக்கில் இருந்தது இன்னது என்று இவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்று ஜட்ஜ் விடுதலை செய்தார்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் அவன் மனைவியோடு ஆபீஸுக்கு வந்தான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். சட்டை தொளதொளவென்று இருந்தது. பிள்ளை அவனிடம் போகாமல் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவன் வக்கீலம்மாவின் காலில் விழப் போனான்.

"எந்திரிலே, மூதேவி" என்றார் அவர்.

நான் டைப் அடிப்பதை நிறுத்தினேன்.

"காலுல விழுந்துட்டா ஆச்சா? தலையா அது, பூசணிக்காயா? எவனாச்சும் ஒரு மூட்டையக் காட்டுனா ஒடனே தோளக் குடுத்துருவியோ? என்ன ஏதுன்னு கேக்க வாய் இல்லையாலே? ஒன்னால நான் எத்தன தடவ பாளையங்கோட்டைக்கு அலைஞ்சேன் தெரியுமா? கல்லத் தூக்கச் சொன்னாலும் தூக்குவ, பொணத்தத் தூக்கச் சொன்னாலும் தூக்குவ. ஒன்னையெல்லாம் ஒருத்தி நம்பிக் கட்டிக்கிட்டு வந்தா பாரு, அவளச் சொல்லணும்."

அவன் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே நின்றான். வக்கீலம்மா மூச்சு வாங்க நிறுத்தினார். சுவரில் சாய்ந்து நின்ற அந்தப் பெண்ணின் கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"இன்னுஞ் சொல்லுங்கம்மா" என்றாள். "நல்லாச் சொல்லுங்க."